சீவாளி வந்த பெட்டிகள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு இது. தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்தி முடிந்தபடியால் எழுத நேரம் கிடைத்தது. பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் ஒரு பின்னேரம், எங்கள் பாடசாலைக்குக் கிட்ட இருக்கும் நாதஸ்வர வித்துவான் ஐயா ஒரு பார்சலைக் கொண்டு வந்தார். "சேர், இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்றார். இந்தப் பக்கத்தில் வாத்தியார் வேலை என்றால் பாதி நேரம் படிவம் நிரப்புவதுதான். என்ன கடிதம் என்று கேட்டோம். பார்சலை மேசையில் பிரித்துக் காட்டினார்.

தமிழ்நாட்டிலிருந்து கூரியரில் வந்த பன்னிரண்டு சீவாளி. முதலில் ஒட்டும் டேப், அதற்குள் குமிழ் வைத்த பிளாஸ்டிக், அதற்குள் காற்றுப் புகாத சிப் பை. பையைத் திறந்ததும் பழைய ஈரச் சாக்கு மணம். ஐந்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இரண்டில் உதடு வெடித்திருந்தது. மிச்சம் ஐந்தில் எத்தனை பேசும் என்பது ஊதிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். கூரியர்காரருக்குக் கடிதம் எழுதினோம். வெளிப்பெட்டியில் சேதம் ஒன்றும் இல்லை, ஆகவே நட்டஈடு இல்லை என்று மூன்று வரியில் பதில் வந்தது. பெட்டி நல்லாக இருக்க உள்ளே இருந்தது கெட்டுப்போனது. அந்தப் பெட்டியே கெடுத்தது என்பதை விளங்கப்படுத்த அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு யோசனை. இந்தச் சின்னச் சாமான் முந்தி எப்படி இங்கே வந்தது? எதில் சுற்றி வந்தது? ஐயாவிடமும் வேறு சில மேளகாரரிடமும் கேட்டோம், கிடைத்ததை வாசித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முஸ்லிம் வாத்தியாருக்குச் சீவாளியில் என்ன அலுவல் என்று கேட்கக்கூடிய நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வைகாசி என்றால் வற்றாப்பளைப் பொங்கல். காட்டு விநாயகர் கோயில் பக்கமிருந்து இரவில் காற்றோடு வரும் நாயனச் சத்தத்தைக் கேட்டு நித்திரையானவர்கள் நாங்கள். வேண்டுமென்றால் இன்னொரு பெயரும் சொல்கிறோம். ஷேக் சின்ன மௌலானா. 1924இல் ஆந்திரத்தின் கரவதி என்ற ஊரில் பிறந்தவர். பரம்பரை பரம்பரையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம். தஞ்சாவூர்ப் பாணி மீது கொண்ட ஆசையால் நாச்சியார்கோவில் சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அங்கேயே ஒரு நாதஸ்வரப் பள்ளியும் நடத்தினார். 1998இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்று அடுத்த ஆண்டு காலமானார். அவருடைய ஊதலைக் கேட்டவர்கள் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

நாதஸ்வரத்தின் உடம்பு மரம். அதற்கு உலவு என்று பெயர். கீழே விரிந்த பகுதி அணசு. மேலே ஒரு சின்ன உலோகக் குழாய், அதுதான் கெண்டை. அந்தக் கெண்டையில் நூலால் கட்டிப் பொருத்துவது சீவாளி. சத்தம் பிறப்பது அங்கேதான். காவேரிக் கரையோரம் வளரும் கொருக்கை என்ற நாணல் வகையிலிருந்து அதைச் செய்கிறார்கள். தட்டையை வெட்டி, மாதக்கணக்கில் காயவிட்டு, நெல்லோடு சேர்த்து அவித்து, திரும்பவும் காயவிட்டு, அளவாக நறுக்கி, நசுக்கி, சீவி, இரண்டு மெல்லிய உதடுகளாக ஆக்குகிறார்கள். அந்த இரண்டு உதடுகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மயிரிழை அளவுதான். அது கூடினால் ஊதுகிறவருக்கு மூச்சு வாங்கும். குறைந்தால் சத்தம் கிரீச்சிடும். திருவாவடுதுறை சீவாளிக்குப் பேர்போன ஊர். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிய அதே திருவாவடுதுறைதான். பக்கத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் செய்வதற்குப் பேர்போனது. ஆச்சா மரத்தில் கடையும் அந்த நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்துக்குக் கிடைத்த மரியாதை நல்லதுதான். ஆனால் ஒரு நாதஸ்வரம் ஒரு வித்துவானோடு ஆயுள் முழுக்க இருக்கும். சீவாளி அப்படியில்லை. திருவிழாக் காலத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தேய்ந்து போகும். வன்னியில் இருக்கும் வித்துவானுக்குத் திரும்பத் திரும்பக் கடல் தாண்டி வரவேண்டியது இதுதான்.

பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். நாதஸ்வரத்தின் மேல்பகுதியில் ஒரு கொத்து தொங்கும். நாங்கள் சின்ன வயதில் அதை அலங்காரக் குஞ்சம் என்று நினைத்திருந்தோம். மேலதிகச் சீவாளிகளையும், உதட்டுக்குள் சேரும் எச்சிலைத் துப்புரவாக்கத் தந்தத்திலோ கொம்பிலோ செய்த ஊசியையும் சேர்த்து நூலில் கட்டித் தொங்கவிட்டதுதான் அந்தக் கொத்து. சீவாளிக்கு முதல் உறை காற்றுத்தான். வாசித்து நனைந்தது தொங்கிக்கொண்டே காய்ந்துவிடும். அடுத்தது கையில் வரும்.

அந்தக் காலத்தில் சீவாளி தனியாகப் பிரயாணம் செய்யவில்லை. ஆளோடு வந்தது. 1914இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது. சென்னையில் ரயில் ஏறினால் கப்பல் மாறி, பிறகு மன்னார், மதவாச்சி வழியாகக் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகலாம். யாழ்ப்பாணம் போகும் ரயில் வவுனியா, கிளிநொச்சி தாண்டித்தான் போகும். தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்கள் திருவிழாக் காலத்தில் அந்த வழியால் வந்து வாசித்தார்கள். நம்மவர்களும் அங்கே போய்ப் படித்தார்கள். அளவெட்டி என்.கே. பத்மநாதன், தவிலில் தெட்சணாமூர்த்தி போன்ற பெரிய கலைஞர்கள் எழுந்ததற்கு இந்தப் போக்குவரத்தும் ஒரு காரணம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளின் நடுப்பகுதிக்கு முன்பே அதுவும் நின்றது.

ஐயாவின் தகப்பனார் அந்தக் கப்பலில் வந்த வித்துவான்களிடம் சீவாளி வாங்கியவர். அவர் அவற்றை வைத்திருந்தது கொட்டப்பெட்டியில். இளசுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு வைக்கப் பனையோலையில் பின்னும் சின்னப் பெட்டி அது. மடியில் செருகிக்கொள்ளலாம். ஓலை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, அதே நேரம் நசுங்கவும் விடாது. உள்ளே ஒரு வெள்ளைத் துணி, துணிக்குள் சீவாளி. வாடைக் காற்று வீசும் மாரியில் அடுப்படிக்கு மேலே பரணில் வைப்பார்களாம். சோளகம் வீசும் வறட்சியில் வெடித்துவிடாமல் இருக்கத் தண்ணீர்க் குடத்துக்குக் கிட்ட வைப்பார்களாம். ஈரமானி இல்லாமலே இவ்வளவும் தெரிந்திருந்தார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. எங்கள் கதையும் இதில் ஓரிடத்தில் சேர்கிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டோம். முல்லைத்தீவு முஸ்லிம்களும் அதில் அடக்கம். எங்களுக்கு அப்போது சின்ன வயது. வழியில் பைகளைத் திறந்து காட்டியது ஞாபகம் இருக்கிறது. வாப்பா உடுப்புப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில் வாழ்க்கை. அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை. பையைத் திறந்து காட்டுவது என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும் என்பதற்காக மட்டும் சொன்னோம்.

நாங்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் வன்னிக்குள் இருந்தவர்களுக்கு வேறு விதமான சோதனை. வவுனியாவிலிருந்து உள்ளே போகும் சாமான்களுக்குத் தடைப்பட்டியல் இருந்தது. மின்கலம், எரிபொருள், சீமெந்து, யூரியா என்று நீண்டது அந்தப் பட்டியல். சீவாளி அதில் இல்லை. ஆனால் அது என்ன என்று சோதிக்கிறவருக்குத் தெரியாது. தெரியாத சாமான் எல்லாம் சந்தேகத்துக்குரிய சாமான்தான்.

ஐயா தொண்ணூறுகளில் சீவாளியை கெமரா பிலிம் சுருள் வரும் கறுப்புக் குப்பியில் வைத்திருந்தார். அந்தக் குப்பி அளவாகப் பொருந்துமாம், நசுங்காதாம். (மேற்கு நாடுகளில் ஓபோ ஊதுகிறவர்களும் இதே குப்பியைப் பாவித்தார்கள் என்று பிறகு அறிந்தோம். மூளை எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது.) ஆனால் சோதனைச்சாவடியில் அந்தக் கறுப்புக் குப்பி ஒவ்வொரு முறையும் பிரச்சினை. திறக்கச் சொல்வார்கள். கொட்டச் சொல்வார்கள். ஒருவர் எடுத்து விரலால் உதட்டை அமத்திப் பார்ப்பார். அதோடு அந்தச் சீவாளி முடிந்தது. "வாயில வைக்கிற சாமான் சேர். என்ர பிள்ளையைக் கூடத் தொட விடமாட்டன்" என்றார் ஐயா.

2002இல் ஏ-9 பாதை திறந்தபோது ஓமந்தையில் வரிசையில் நின்று போகவேண்டும். அப்போதுதான் அவர் கறுப்புக் குப்பியை விட்டுவிட்டு, கடையில் மிக்சர் கட்டிக் கொடுக்கும் கண்ணாடி மாதிரியான பொலித்தீன் பைக்கு மாறினார். வெளியே இருந்து பார்த்தாலே தெரியும், கை வைக்கத் தேவையில்லை. மெழுகுதிரி நெருப்பில் வாயை ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது, "புதுச் சாமான்" என்று விட்டுவிடுவார்கள். மற்ற வித்துவான்களும் அப்படியே செய்தார்களாம். தமிழ்நாட்டிலிருந்து ஆள் மூலம் எடுப்பிக்கும்போதும் "தெரியிற பையில போட்டு அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டார்களாம்.

இதைக் கேட்டபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். சீவாளிக்குப் பொலித்தீன் உறை வந்ததை நவீன வசதி என்றுதான் நினைத்திருந்தோம். குறைந்தது இந்தப் பக்கத்தில் அது சீவாளியின் நன்மைக்காக வரவில்லை. ஈரத்துக்காகவும் வரவில்லை. பார்க்கிற கண்ணுக்காக வந்தது. சாவடி போய்விட்டது, பை நின்றுவிட்டது.

2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் பூட்டப்பட்டது. 2009இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஐயா கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகையில் நாதஸ்வரத்தை எங்கோ ஒரு பங்கருக்குள் விட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையில் இரண்டு சீவாளி மட்டும் மிஞ்சியது. மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து அதை எச்சிலில் நனைத்து வெறும் சீவாளியை ஊதுவாராம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம், நாதஸ்வரம் இல்லாமலும் சீவாளி கத்தும். ராகம் வராது. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகள் பீப்பீ மாமா என்று கூப்பிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அந்த இரண்டில் ஒன்று இன்னும் அவரிடம் இருக்கிறது. கறுத்துப்போய், வாசிக்க உதவாது. அதை அவர் பொலித்தீனில் வைக்கவில்லை, துணியில் சுற்றி சாமித்தட்டில் வைத்திருக்கிறார்.

இப்போது வேறு காலம். வட்ஸ்அப்பில் படம் பார்த்து ஓடர் கொடுக்கலாம். ஆனால் செய்கிறவரும் வாங்குகிறவரும் நேரில் பார்ப்பதில்லை. முந்தி வித்துவான் செய்கிறவரின் வீட்டுத் திண்ணையில் இருந்து பத்தை ஊதிப் பார்த்து இரண்டைத் தெரிவார். இப்போது பன்னிரண்டு வந்தால் பன்னிரண்டுக்கும் காசு. முழுக்கக் காயாததை அவசரத்தில் காற்றுப் புகாத பையில் போட்டால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை. லொறிக்குள், களஞ்சியத்துக்குள் சூடேறும். பூஞ்சணத்துக்கு அதுவே போதும். ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டினால் உதடு அமரும். வாயில் வைக்கிற பொருள் என்பதால் பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு வாசி என்று யாருக்கும் சொல்லவும் முடியாது. எங்களுக்குக் கவலை ஐயாவைப் பற்றியல்ல. அவருக்கு எது நல்லது, எது கெட்டது என்று தெரியும். அவரிடம் படிக்கும் நாலு பெடியன்களும் கெட்ட சீவாளியில் ஊதி, தங்களுக்கு மூச்சு வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இந்த வருடம் ஒருவன் அப்படி நின்றுவிட்டான். எங்கள் வகுப்புப் பிள்ளை அவன்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தோம். கிளாரினெட், சக்சபோன் முதலியவற்றுக்கும் நாணல்தான். பிரான்சின் தெற்கே வார் பகுதியில் விளையும் பெருநாணல் அதற்குப் பேர்போனது. பாரிசில் வாண்டொரன் கம்பனி 1905இல் தொடங்கியது. அமெரிக்காவில் ரிக்கோ 1928இல். இயந்திரத்தில் வெட்டி, பெட்டியில் போட்டு, உலகம் முழுக்க விற்கும் வியாபாரம். அவர்களுக்கும் ஈரப்பதன்தான் தலையிடி. அதற்காக இப்போது ஒவ்வொரு தகட்டையும் தனித்தனி உறையில் அடைத்து விற்பதும் வழக்கமாகிவிட்டது. தொழிற்சாலையில் ஈரத்தை அளந்து, அந்த அளவு மாறாமல் அடைப்பதால் அது அவர்களுக்குச் சரிவரும். அளக்காமல் அடைக்கும் நமக்குச் சரிவராது. இந்த வித்தியாசத்தை விளங்காமல் "வெளிநாட்டுப் பாணி பேக்கிங்" என்று விளம்பரம் போடுகிறார்கள்.

அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பாண்ட் வாத்தியக் குழுவில் இருக்கும் ஒரு பிள்ளை கொண்டுவந்த பெட்டியை வகுப்பில் பிரித்துப் பரப்பி எண்ணினோம். ஊதுவதற்குப் பத்துத் தகடு. எறிவதற்குப் பத்து உறை, பத்து பிளாஸ்டிக் தாங்கி, ஒரு அட்டைப்பெட்டி, அதற்கு மேல் ஒரு மெல்லிய சுற்று. 2017 செப்டெம்பரிலிருந்து நம் நாட்டில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்கும் லஞ்ச் ஷீற்றுக்கும் தடை என்று அதே பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடத்தில் படிப்பிக்கிறோம். ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "அப்ப இது, சேர்?" என்று கேட்டது. பதில் சொல்ல மணி அடிக்கும்வரை யோசித்தோம்.

வட இந்தியாவில் செனாய்க்கும் இதே மாதிரி ஆற்றங்கரை நாணல்தான். பிஸ்மில்லா கான் பிறந்த டும்ராவ் ஊர்ப் பக்கத்து நாணல் அதற்குப் பேர்போனது. அவரும் தொழுகை தவறாதவர், காசி விசுவநாதர் கோயிலில் வாசித்தவர். ஆற்றங்கரைப் புல்லுக்குச் சமயம் தெரியாது போலும்.

ஐயாவோடு இருந்து செய்கிறவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். இந்த முறை தமிழில். எழுதியது இதுதான்: நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே கட்டவும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பருத்தித் துணியில் சுற்றவும். ரப்பர் பாண்ட் வேண்டாம், நூல் போதும். நசுங்காத பெட்டியில், காற்றுப் போகக்கூடிய மாதிரி வைக்கவும். பிளாஸ்டிக் சுற்ற வேண்டுமென்றால் மழைக்காக வெளிப்பெட்டிக்கு மட்டும் சுற்றவும். உள்ளே என்ன இருக்கிறது, எதில் செய்தது என்று ஒரு துண்டில் எழுதி மேலேயே வைக்கவும்.

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. அவித்துக் காய வைத்தாலும் இது தாவரப் பொருள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் தாவரப் பொருளை அதிகாரி திறந்து பார்க்கக் கூடும், அது அவருடைய கடமை. ஆகவே திறந்தாலும் கெடாமல் திரும்ப மூடக்கூடிய பெட்டி வேண்டும். திறக்கவே முடியாதபடி ஒட்டிய பையைக் கத்தியால்தான் வெட்டுவார்கள், கத்தி சீவாளியிலும் படும்.

செய்கிறவரிடமிருந்து மறுமொழி வந்தது. துணி சுற்றலாம், பெட்டிக்கு என்ன செய்வது, அட்டைப்பெட்டி நசுங்குகிறது, மரப்பெட்டி என்றால் விலை ஏறும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

ஐயாவுக்குத் தகப்பனாரின் கொட்டப்பெட்டி ஞாபகம் வந்தது. 2023 ஒக்டோபரிலிருந்து நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் விட்டு விட்டேனும் ஓடுகிறது. திருவாவடுதுறை நாகபட்டினத்துக்குத் தூரமில்லை. அடுத்த முறை கூரியர் வேண்டாம், கப்பலில் போய்வரும் தெரிந்த ஒருவரிடம் இங்கிருந்து வெறும் பெட்டிகளைக் கொடுத்துவிட்டால், அங்கே நிரப்பித் தருவார்கள். ஒரு பெட்டி பல முறை போய்வரும். ஓலை இங்கே இருக்கிறது. பின்னுகிற கைகள்தான் குறைந்துவிட்டன. எங்கள் பக்கத்து உம்மாமார் சிலருக்கும் பாய், பெட்டி பின்னத் தெரியும். புத்தளத்தில் அகதி வாழ்க்கையில் பின்னிப் பிழைத்தவர்கள் அவர்கள்.

வைகாசிப் பொங்கலுக்கு முன் ஆறு பெட்டி வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், கூலி உண்டு. ஐயா தந்த அளவு: ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம், மூன்று விரல் உயரம். உள்ளே ஆறு அறை. மூடி மேலால் கவிழ்க்கிற மாதிரி இருக்கவேண்டும், இறுக்கமாக வேண்டாம். சாயம் போட்ட ஓலை வேண்டவே வேண்டாம், வாயில் வைக்கிற சாமான்.